பச்சைத் தெரு

பொறுமையை எல்லாம் அம்மா வயிற்றிலேயே வைத்துவிட்டுப் பிறந்தவர் எங்கள் இயக்குநர் மேடம். வெள்ள எச்சரிக்கை வரைபடத்தை முதன்முதலாக அவருக்குக் காட்டியபோது, படம் திறக்காமல் திரையில் அந்தச் சின்ன வட்டம் சுற்றிக்கொண்டே இருந்தது. "இது சுத்தி முடிக்கறதுக்குள்ள ஆறு வந்து வீட்டுக்குள்ள உக்காந்துரும்" என்றார். கூட்டத்தில் இருந்த அத்தனை பேரும் சிரித்தார்கள். நானும் சிரித்துத் தொலைத்தேன்.

எங்கள் என்று சொல்கிறேனே தவிர, நான் அவர் அலுவலகத்து ஆள் இல்லை. பேரிடர் அலுவலகத்துக்கு வரைபடம் செய்துகொடுக்க ஒப்பந்தம் எடுத்த சின்னக் கம்பெனி எங்களுடையது. அதில் இந்த வேலைக்கு நானும் இன்னொருவனும். அவனுக்கு நான் வைத்த பேர் சிக்கனம். ஒரு படக் கோப்பின் கனத்தைப் பாதியாக்கச் சொன்னால் கால்வாசியாக்கிவிட்டு வந்து பல்லைக் காட்டுவான். கெட்டிக்காரன், ஆனால் அவசரக்குடுக்கை.

நாங்கள் செய்தது சொல்வதற்கு எளிது. அணையைத் திறந்தால் எந்தெந்தத் தெருவுக்குத் தண்ணீர் வரும் என்று இணையத்தில் யார் வேண்டுமானாலும் பார்க்கலாம். தெருப் பேரைத் தட்டினால் சிவப்போ பச்சையோ காட்டும். சிவப்பு என்றால் கிளம்பத் தயாராக இருங்கள், பேருந்து வரும். பச்சை என்றால் வீட்டிலேயே இருங்கள், சாலையை அடைக்காதீர்கள். போன வெள்ளத்தின்போது தண்ணீர் வராத ஊரெல்லாம் பயந்துபோய்ச் சாலைக்கு வந்துவிட்டதில், தண்ணீர் வந்த ஊர் நடுவழியில் மாட்டிக்கொண்டதாம். அதனால் அந்தப் பச்சை மேடத்துக்கு உயிர். சிவப்பைவிடப் பச்சையைப் பற்றித்தான் கூட்டத்துக்குக் கூட்டம் பேசுவார்.

அன்று அந்த வரைபடத்துக்கு முதல் நிஜமான நாள். விடாத மழையில் அணை நிரம்பி, மாலை இருட்டுவதற்குள் மதகுகளைத் திறந்தாக வேண்டும் என்று காலையிலேயே முடிவாகிவிட்டது. கட்டுப்பாட்டு அறையில் நீள மேசையின் ஒரு மூலையை எங்களுக்கு ஒதுக்கியிருந்தார்கள். எதிர்ச் சுவர் முழுக்கத் திரை. அதில் ஆறும், ஆற்றின் இரண்டு பக்கமும் சிவப்பும், அதற்கு அப்பால் பச்சையும். சிவப்புத் தெருக்களுக்குப் போன பேருந்துகள் நீலப் புள்ளிகளாக ஊர்ந்துகொண்டிருந்தன. மக்கள் லட்சக்கணக்கில் பார்த்தார்கள், படம் ஒரு தடவைகூடத் திணறவில்லை. மேடம் கடந்து போகும்போது என் நாற்காலியின் முதுகைத் தட்டிவிட்டுப் போனார். அவர் அகராதியில் அது மாலை மரியாதை.

மதியம் அக்கா கூப்பிட்டாள். என் கூடப் பிறந்தவள், எனக்கு ஆறு வயது மூத்தவள். ஆற்றுக்குத் தெற்கே குடியிருக்கிறாள். அவள் வீட்டுக்காரர், என் மாமா, ஃபேன் துடைக்க ஸ்டூல் மேல் ஏறிக் கீழே விழுந்து, காலில் மாவுக்கட்டோடு கிடக்கிறார்.

"சாப்பிட்டியா? குரலே சரியில்லையே."

"வேலையா இருக்கேன்க்கா. நீங்க எல்லாம் எப்படி இருக்கீங்க?"

"எங்களுக்கு என்ன, பச்சை. காலைலயே பாத்துட்டோம். உங்க மாமா போனை வச்சிக்கிட்டு, பச்சை பச்சைன்னு அதையே பாத்துக்கிட்டு இருக்காரு. அடுத்த தெருவுக்குதான் பாவம் சிவப்பு. பஸ் வந்து எல்லாரையும் ஏத்திட்டுப் போயிருச்சு." பிறகு சிரித்தாள். "ஆனா இது என்ன கூத்துன்னு தெரியலடி. அந்தத் தெரு மேடு. சும்மா மழை பெஞ்சாலே அவங்க தெருத் தண்ணி எங்க வாசல்லதான் வந்து நிக்கும். அவங்களுக்கு சிவப்பு, எங்களுக்குப் பச்சையாம்."

நானும் "அப்படியா" என்று சிரிக்கத்தான் வாயைத் திறந்தேன். சிரிப்பு வரவில்லை. அப்புறம் பேசுகிறேன் என்று வைத்துவிட்டேன்.

தண்ணீர் எதுவரை வரும் என்று அணைப் பொறியாளர்கள் கோடு போட்டுக் கொடுத்த மூலக் கோப்பு என் கணினியில் தனியாக இருந்தது. அதை எடுத்து, மக்கள் பார்த்துக்கொண்டிருந்த படத்தின் மேல் விரித்தேன். ஆற்றோரம் முழுக்க இரண்டும் ஒன்றன்மேல் ஒன்றாகப் பொருந்தின. தெற்கே மட்டும், பழைய ஓடை போகும் பள்ளத்தில், மூலக் கோட்டிலிருந்து ஒல்லியாக ஒரு விரல் நீண்டு ஊருக்குள் புகுந்திருந்தது. எங்கள் படத்தில் அந்த விரல் இல்லை. வெட்டி எடுத்த மாதிரி மொழுக்கென்று இருந்தது. அந்த விரலுக்குள் ஐந்து தெருக்கள். ஆற்றுப் பக்கம் முதலில் இருந்தது அக்கா தெரு.

படத்தை எடுத்துவிட்டு இன்னொரு தடவை விரித்தேன், விரல் அங்கேயேதான் இருந்தது.

என்ன நடந்தது என்று யாரும் எனக்குச் சொல்ல வேண்டியிருக்கவில்லை. கணினிக்குக் கோடு என்பது புள்ளிகளின் வரிசைதான். புள்ளி கூடினால் படம் கனக்கும், திறக்க நேரமாகும். அதனால் தூரத்துப் பார்வைக்குத் தெரியாத சின்ன வளைவுகளின் புள்ளிகளைக் கழித்துக் கோட்டை இளைக்க வைப்போம். இந்தத் தொழிலில் இருக்கிற எல்லோரும் செய்வதுதான். ஒரே ஒரு விதி உண்டு. இளைத்த கோடு கண்ணுக்கு மட்டும். எந்தத் தெரு உள்ளே, எந்தத் தெரு வெளியே என்ற கணக்குக்கு எப்போதும் மூலக் கோடு. மேடம் வட்டத்தைப் பார்த்துக் கிண்டல் செய்த வாரம், சிக்கனம் கோட்டை இளைக்க வைத்தான். இளைத்ததை மூலக் கோடு இருந்த இடத்திலேயே கொண்டுபோய் வைத்துவிட்டான். கணக்கும் அதையே எடுத்துக்கொண்டது. அதைச் சரிபார்த்துக் கையெழுத்துப் போட்டவள் நான். எவ்வளவு வேகமாகத் திறக்கிறது என்று மட்டும் பார்த்தேன், மகராசி.

"டேய், இங்க வா" என்றேன். என் குரலைக் கேட்டே அவன் ஓடி வந்தான். திரையைப் பார்த்தான்.

"தலைவரே..."

"அழுவறதெல்லாம் அப்புறம் வச்சிக்கலாம். மூலக் கோட்டைத் திருப்பிப் போட்டு கணக்கை ஓட்டு. நான் மேடம்கிட்ட போறேன்."

மேடம் போனை ஒலிபெருக்கியில் போட்டு அணைப் பொறியாளரோடு பேசிக்கொண்டிருந்தார். நான் குறுக்கே புகுந்து சொன்னேன். சுற்றி வளைக்கவில்லை. ஐந்து தெரு தவறாகப் பச்சையில் இருக்கிறது, தப்பு எங்களுடையது, உடனே பேருந்து வேண்டும் என்றேன். அவர் முகம் ஒரு கணம் வெளுத்தது. திட்டுவார் என்று நினைத்தேன். திட்டவில்லை. ஒலிபெருக்கியைப் பார்த்து, "மதகைத் தள்ளிப் போட முடியுமா?" என்று கேட்டார்.

"நாங்க திறக்கலேன்னா அது தானா வழிஞ்சிரும் மேடம்" என்றது பொறியாளரின் குரல். "அப்ப எந்தக் கோடும் உதவாது."

மேடம் வயர்லெஸ்ஸை எடுத்துத் தெற்கே பேருந்துகளைத் திருப்பினார். சுவர்த் திரையில் நீலப் புள்ளிகள் சில நின்று, யோசிப்பதுபோல இருந்து, திரும்பின. சிக்கனம் கையைத் தூக்கிக் காட்டினான். ஐந்து தெருக்களும் ஒவ்வொன்றாகச் சிவந்தன. எனக்கு மூச்சு வந்தது. அக்காவைக் கூப்பிட்டேன், எடுக்கவில்லை. பெட்டி கட்டிக்கொண்டிருப்பாள் என்று மனதைத் தேற்றிக்கொண்டேன்.

அந்த நிம்மதியைக் கெடுத்தது வயர்லெஸ். தெற்கே போன ஓட்டுநர் ஒருவரின் குரல், மழைச் சத்தத்தோடு வந்தது.

"வண்டி வந்து நிக்குது மேடம். ஒருத்தரும் ஏற மாட்டேங்கறாங்க. தெரு மாறி வந்துட்டீங்க, அடுத்த தெருவுக்குப் போங்கன்னு சொல்றாங்க. போனை எடுத்து மூஞ்சிக்கு நேரா காட்டறாங்க. பச்சையாத்தான் இருக்கு."

மேடம் சுவர்த் திரையைப் பார்த்தார். அங்கே சிவப்பு. என்னைப் பார்த்தார்.

நான் சிக்கனத்தைப் பார்த்தேன். அவன் தலையில் கை வைத்து உட்கார்ந்துவிட்டான். வெள்ளத்தில் முதலில் படுத்துக்கொள்வது நெட்வொர்க்தான். அதனால் ஒரு தடவை பார்த்த படத்தை ஒரு முழு நாளுக்கு போன் தனக்குள்ளேயே வைத்துக்கொள்ளும்படி செய்திருந்தோம். சிக்னலே இல்லாவிட்டாலும் படம் தெரியும். நாங்கள் இரண்டு பேரும் சட்டைக் காலரைத் தூக்கிவிட்டுக்கொண்ட விஷயம் அது. காலையில் பார்த்தவர்களுக்கு, இங்கே நாங்கள் என்ன மாற்றினாலும், நாளைக் காலை வரை பச்சைதான்.

அதை மேடத்துக்கு விளக்கிச் சொன்னேன்.

மறுபடி அக்காவைக் கூப்பிட்டேன். இந்தத் தடவை மாமா எடுத்தார்.

"மாமா, உடனே கிளம்புங்க. உங்க தெரு சிவப்பு."

"என்னம்மா நீ, உங்கக்கா எங்கிட்ட காட்டிட்டா. பச்சையா இருக்கே. கையிலதான் வச்சிருக்கேன்."

"அது பழசு மாமா. நான் சொல்றேன்ல?"

"நீ சொல்றத நம்பறதா, நீ செஞ்சத நம்பறதா? டென்ஷன்ல இருக்க, நல்லா பாரு. இந்தக் காலை வச்சிக்கிட்டு நான் பஸ்ல..." இணைப்பு அறுந்தது. பிறகு கூப்பிட்டால் தொடர்பு எல்லைக்கு அப்பால் என்றது.

எனக்கு அவர் மேல் கோபம் வந்தது. அடுத்த நொடி அழுகை வந்தது. என் வாய்ச் சொல்லைவிட என் வேலையை நம்புகிறார். வேறொரு நாளாக இருந்தால் அதைச் சொல்லிச் சொல்லிப் பூரித்துப்போயிருப்பேன்.

மீதி இருந்தது குறுஞ்செய்தி ஒன்றுதான். அந்தப் பகுதியில் இருக்கிற எல்லா போனுக்கும் அலுவலகம் ஒரே நேரத்தில் அனுப்பலாம். சிக்னல் விட்டு விட்டு வந்தாலும் அது எப்படியாவது போய்ச் சேர்ந்துவிடும். வாசகத்துக்கு மேடம் ஒப்புதல் வேண்டும். அவரே எழுதிக் காட்டினார். 'புதுப்பிக்கப்பட்ட வரைபடத்தைப் பார்த்து அதன்படி நடக்கவும்.'

"இது வேணாம் மேடம். இதைப் பாத்தா எல்லாரும் மறுபடி போனைத்தான் எடுப்பாங்க. போன்ல பச்சை இருக்கும். நாமளே அவங்களை உள்ள உக்கார வச்ச மாதிரி ஆயிரும்."

"சரி, வேற எப்படிப் போடணும்?"

"எங்கள் வரைபடத்தை நம்பாதீர்கள்னு போடணும். பச்சையா இருந்தாலும் கிளம்புங்கன்னு. அஞ்சு தெருப் பேரும் போட்டு."

மேடம் குரலை உயர்த்தவில்லை, அதுதான் பயமாக இருந்தது.

"இது தெற்குப் பகுதி முழுக்கப் போகும். பச்சையை நம்பி வீட்ல இருக்கற ஜனம் மொத்தமும் இதைப் படிக்கும். அடிச்சிப் புடிச்சி எல்லாரும் ரோட்டுக்கு வந்தா என்ன ஆகும்னு நான் பாத்திருக்கேன், நீங்க பாத்ததில்ல. இன்னொண்ணு. இந்த ஒரு வரி போச்சுன்னா, அடுத்த வெள்ளத்துக்கு இந்த ஆபீஸ் சொல்றதை எவனும் கேக்க மாட்டான்."

அவர் சொன்னது எதுவும் பொய் இல்லை. அதனால்தான் எனக்கு ஆத்திரம் தலைக்கேறியது. "அடுத்த வெள்ளத்துக்கு அவங்க இருக்கணும்ல!" என்று கத்திவிட்டேன். ஒரு அரசாங்க இயக்குநரிடம், அவருடைய அறையில், ஒப்பந்தக்காரி. சிக்கனம் என் கையைப் பிடித்து இழுத்தான். உதறினேன்.

மேடம் என்னையே பார்த்தார். நான் போனில் கெஞ்சியதைக் கேட்டிருக்கிறார். "உங்க அக்கா அங்க இருக்காங்க, இல்ல?"

"ஆமா."

"அவங்க அங்க இல்லேன்னா இப்படிக் கத்துவீங்களா?"

"கத்தியிருக்க மாட்டேன் மேடம்" என்றேன். "கண்டுபிடிச்சே இருக்க மாட்டேன்."

மேடம் விசைப்பலகையைத் தன் பக்கம் இழுத்து, எழுதியிருந்ததை அழித்தார். மெதுவாக, ஒரு விரலால் தட்டினார். 'இந்த ஐந்து தெருக்களுக்கு மட்டும்: எங்கள் வரைபடத்தை நம்பாதீர்கள். பச்சையாக இருந்தாலும் உடனே வெளியேறுங்கள். பேருந்து வாசலில் நிற்கிறது. மற்றவர்கள் வீட்டிலேயே இருங்கள்.' கீழே தெருப் பேர்கள். அதற்கும் கீழே தன் பதவியைப் போட்டார். அனுப்பும் பொத்தானை அவரே அமுக்கினார், எங்களைத் தொட விடவில்லை.

அதற்குப் பிறகு எனக்கு வேலை எதுவும் இல்லை. சும்மா உட்கார்ந்து புள்ளிகளைப் பார்க்க வேண்டியதுதான். அதுபோல ஒரு தண்டனையை எந்த எதிரிக்கும் கொடுக்கக் கூடாது. சுவரின் இன்னொரு பக்கத்தில் அணையின் கேமராப் படம் ஓடிக்கொண்டிருந்தது. மதகுகள் உயர்ந்தன. தண்ணீர் வெள்ளையாகச் சுருண்டு விழுந்தது. படத்துக்குச் சத்தம் இல்லாததால் அது இன்னும் கொடுமையாக இருந்தது.

தெற்கே ஒரு புள்ளி நகர்ந்தது. அது ஓடையை ஒட்டிய தெரு. பிறகு இன்னொன்று. செய்தி போய்ச் சேர்ந்துவிட்டது, ஏறுகிறார்கள். சிக்கனம் வாய்க்குள் எண்ணிக்கொண்டே இருந்தான். நான்காவது புள்ளியும் மேட்டுச் சாலைக்கு ஏறிவிட்டது. ஐந்தாவது மட்டும் அசையவில்லை. அக்கா தெருவின் முனையில் ஆணி அடித்த மாதிரி நின்றது.

"ஜிபிஎஸ் சிக்கியிருக்கும் தலைவரே" என்றான் சிக்கனம். "மழைல சில நேரம்..."

"பேசாம இரு."

மேடமே வயர்லெஸ்ஸை எடுத்தார். "ஏன் இன்னும் கிளம்பல?"

"ஒரு வீடு தவிர எல்லாரும் ஏறிட்டாங்க மேடம்." என்றார் ஓட்டுநர். "ஒரு அம்மா மட்டும் இறங்கி இறங்கி ஓடறாங்க. கால்ல கட்டுப் போட்ட வீட்டுக்காரரை முன்சீட்ல உக்கார வச்சிட்டு, வீடு வீடா போய்க் கதவைத் தட்டறாங்க. அவரு கத்தறாரு, கேக்க மாட்டேங்கறாங்க. கடைசி வீட்ல நிக்கறாங்க. டயர் பாதிக்குத் தண்ணி வந்துருச்சு."

யார் அந்த அம்மா என்று எனக்குச் சொல்ல வேண்டுமா என்ன! நான் எழுந்து திரைக்குப் பக்கத்தில் போய் நின்றேன். புள்ளியைக் கையால் தள்ளிவிட முடிந்தால் தள்ளியிருப்பேன். என் கண்ணெதிரே ஒரு நீலப் புள்ளியில் என் அக்கா, அல்லது அந்தப் புள்ளிக்கு வெளியே என் அக்கா. அவ்வளவு நுணுக்கமாக எங்கள் படம் காட்டாது. நான் வாய்விட்டு அழுதேன். யாரும் என்னைத் தடுக்கவில்லை.

புள்ளி நகர்ந்தது. ஒரு எட்டு, இன்னொரு எட்டு. பிறகு மளமளவென்று மேட்டுச் சாலையைப் பிடித்தது. வயர்லெஸ்ஸில், "எல்லாரும் உள்ள இருக்காங்க" என்று ஓட்டுநர் சொன்னதைப் பாதிதான் கேட்டேன், மீதியை என் அழுகையே மூடிவிட்டது. மேடம் என் தோளில் கை வைத்து, "போங்க, போய்ப் பாருங்க" என்றார்.

முகாம் ஒரு பள்ளிக்கூடத்துக் கூடத்தில் இருந்தது. நான் போய்ச் சேர்ந்தபோது வெளிச்சம் மங்கிக்கொண்டிருந்தது. பெஞ்சுகளை ஓரமாகத் தள்ளிவிட்டுப் பாய் விரித்திருந்தார்கள். மாமா சுவரில் சாய்ந்து, மாவுக்கட்டைத் தூக்கி ஒரு மூட்டை மேல் வைத்திருந்தார். என்னைப் பார்த்ததும் முகத்தைத் திருப்பிக்கொண்டார். அக்கா பக்கத்தில், தலையிலிருந்து தண்ணீர் சொட்ட உட்கார்ந்திருந்தாள். நான் ஓடிப்போய்க் கட்டிக்கொண்டேன்.

"பைத்தியமா உனக்கு? பஸ் நிக்கும்போது எதுக்கு இறங்கி ஓடின? உனக்கு ஏதாவது ஆயிருந்தா?"

அவள் தொண்டை கட்டிப்போயிருந்தது. பேசப் பேசத்தான் குரல் வந்தது.

"மெசேஜ் வந்ததும் முக்காவாசிப் பேர் ஏறிட்டாங்கடி. ஆனா ஒரு ஏழெட்டு வீடு நகரல. மெசேஜ் எவனாவது திருடன் அனுப்பியிருப்பான், வீட்டைக் காலி பண்ண வைக்கப் பாக்கறான்னு சொல்றாங்க. ஏன்னா..." நிறுத்தினாள். "ஏன்னா காலைல நான்தான் தெரு முழுக்கச் சொன்னேன். என் தங்கச்சி செஞ்சது, அவ செஞ்சா தப்பே இருக்காது, தைரியமா வீட்ல இருங்கன்னு. பெருமையா இருந்துச்சு, சொன்னேன். இப்ப நான் போய்ச் சொல்லாம யார் சொல்லுவா?"

நான் கைக்குட்டையை எடுத்து அவள் முகத்தைத் துடைத்தேன்.

"கடைசி வீட்டு அம்மா கதவையே திறக்கல. ஜன்னல் வழியா பாத்து, உன் தங்கச்சி தப்பு பண்ண மாட்டான்னு நீதானே சொன்னன்னு கேக்கறாங்க. முழங்கால் தண்ணில நின்னுக்கிட்டுக் கத்தினேன். அவ தப்பு பண்ணிட்டா, அவளை நம்பாதீங்கன்னு. திரும்பத் திரும்ப அதையேதான் கத்தினேன். அப்புறம்தான் திறந்தாங்க." என் முகத்தை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டாள். "பொறந்ததிலேருந்து உன்னை யார்கிட்டயும் நான் விட்டுக் குடுத்ததில்லடி. இன்னிக்கு ஒரு தெரு முன்னாடி விட்டுக் குடுத்துட்டேன்."

அவள் விம்மி விம்மி அழுதாள். ஆற்றில் போயிருக்க வேண்டியவள், என் மானம் போனதற்காக அழுதாள். அதைத் தாங்கிக்கொள்ள எனக்குத் தெம்பு இல்லை.

சுற்றிலும் பேச்சு அடங்கிப்போயிருந்தது. அந்தத் தெரு மொத்தமும் அங்கேதான் இருந்தது. ஈரத் துணியோடு, கையில் கிடைத்ததை அள்ளிக்கொண்டு வந்தவர்கள். யார் இவள் என்று என்னையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். அக்கா என் கையைப் பிடித்து, பேசாமல் உட்கார் என்பதுபோல் கீழே இழுத்தாள்.

நான் எழுந்து நின்றேன்.

"அந்தத் தங்கச்சி நான்தான்" என்றேன்.